தனி ஊசலில் 20 அலைவுகளை எண்ணியும் புவிஈர்ப்பு முடுக்கம் 10.83 என்றே வருகிறது, பிழை எங்கே?

காசிமேடு_மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் மாலை வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லித்தருகிறேன். அவர்களில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவனுக்கு நேர்ந்த சிக்கலை எவ்வளவு யோசித்தும் என்னால் அவிழ்க்க முடியவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

பள்ளியில் தனி ஊசல் செய்முறை செய்திருக்கிறான். நீளம் 100 செ.மீ. இருக்கும்போது 20 அலைவுகளுக்கு 38.2 வினாடி, 80 செ.மீ. இருக்கும்போது 34.1 வினாடி, 60 செ.மீ. இருக்கும்போது 29.6 வினாடி என்று அட்டவணையில் எழுதியிருக்கிறான். இவற்றை 20 ஆல் வகுத்தால் அலைவு நேரம் முறையே 1.91, 1.705, 1.48 வினாடி என்றாகிறது. பிறகு 4 × பை² × நீளம் ÷ அலைவு நேரத்தின் வர்க்கம் என்ற சூத்திரத்தில் இட்டால் 10.82, 10.86, 10.81 என மூன்று விடைகள் வருகின்றன, சராசரி 10.83 மீ/வி². ஆசிரியர் அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘தவறு, மீண்டும் செய்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். எது தவறு என்று சொல்லவில்லை. பையன் பதிவேட்டை என் முன் திறந்து வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

அவன் தந்தை விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவரிடமிருந்து வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றையும் மீன்பிடி நரம்பையும் வாங்கி வந்து, எங்கள் மாடியில் துணி காயப்போடும் இரும்புக் குழாயில் கட்டி, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்து அவனே மறுபடியும் அளந்தான். அப்போதும் 10.8 தான் வந்தது. பள்ளியின் கருவி வேறு, எங்கள் கருவி வேறு என்பதால் கருவியைக் குறை சொல்ல வழியில்லை. நீளத்தை முடிச்சிலிருந்து குண்டின் நடுப்பகுதிவரை நானே அளந்து பார்த்தேன். நூலையும் அதிகம் சாய்க்கவில்லை. நீளத்திற்கு எதிராக அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் குறித்து வரைந்த வரைபடமோ தொடக்கப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்க்கோடாக அழகாக அமைந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் விடை மட்டும் தவறுவது எப்படி?

இதனோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. ‘இடப்பெயர்ச்சி = 4 சைன் (5 பை × நேரம் + பை/6) என்று சீரிசை இயக்கம் செய்யும் துகள், 6.5 வினாடியில் எத்தனை அலைவுகளை முடிக்கும்? நடுநிலைப்புள்ளியை எத்தனை முறை கடக்கும்?’ என்றொரு கணக்கு. (இடப்பெயர்ச்சி செ.மீ.யில்.) அலைவுகள் 16.25 என்பதில் பிள்ளைகள் அனைவரும் ஒத்துப்போகிறார்கள். கடக்கும் எண்ணிக்கையை ஒருத்தி 32 என்கிறாள், இன்னொருவன் 33 என்கிறான். இருவருக்கும் புரியும்படி விளக்க எனக்குத் தெளிவான வழி கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டை_வாசகன் எழுதியது:

நான் பொறியியல் படித்தவன். செய்முறை வகுப்பை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் நினைவிலிருந்து சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.

புவிஈர்ப்பு முடுக்கம் கூடுதலாக வருகிறது என்றால், ஒன்று நீளம் உண்மையைவிட அதிகமாக அளக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நேரம் உண்மையைவிடக் குறைவாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நீளத்தின் மேல்தான் முதல் சந்தேகம். வலையில் கட்டும் ஈயக்குண்டு உருண்டையாக இல்லாமல் நீள்வடிவில் இருந்தால், அதன் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எளிதல்ல. மீன்பிடி நரம்பும் சற்று நீளும் தன்மை கொண்டது. அடுத்ததாக, கடிகாரத்தை அழுத்துவதில் ஏற்படும் தாமதத்தையும் பாருங்கள். தொடங்கும்போது தாமதமாகவும் முடிக்கும்போது முந்தியும் அழுத்தினால் நேரம் குறையும். வீச்சு, அதாவது குண்டு நடுவிலிருந்து விலகும் அளவு, பெரிதாக இருந்ததா என்பதையும் பையனிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ராயபுரம்_ஆய்வகம் எழுதியது:

கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். தனி ஊசலின் முன் நிற்கும் மாணவர்களை அருகிலிருந்து பார்ப்பதே என் வேலையாக இருந்தது. சகோதரி எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தவுடனேயே பிழை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விடையை மட்டும் சொன்னால் பையனுக்குப் பயன்படாது. எண்களே அதைச் சொல்வதைக் காட்ட விரும்புகிறேன்.

முதலில் தண்டையார்பேட்டை நண்பர் சொன்னவற்றை எடுத்துக்கொள்வோம். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆயினும் இந்த எண்களுக்கு அவை பொருந்தவில்லை. நீளத்தில்தான் பிழை என்றால், 100 செ.மீ. ஊசலில் ஏறத்தாழ 10 செ.மீ. தவறியிருக்க வேண்டும், 60 செ.மீ. ஊசலில் ஏறத்தாழ 6 செ.மீ. தவறியிருக்க வேண்டும். குண்டின் மையத்தைத் தவறாகக் கணித்தவன் எல்லா நீளத்திலும் அதே ஒன்றிரண்டு செ.மீ. அளவுக்குத்தான் தவறுவான். நீளத்திற்கேற்ப அளவெடுத்தாற்போலத் தவற மாட்டான். வீச்சு பெரிதாக இருந்தால் அலைவு நேரம் கூடும், ஈர்ப்பு முடுக்கம் குறையும். இங்கே நடந்திருப்பது அதற்கு நேர்மாறு. அதுவும் 10 பாகை சாய்வுக்கு அலைவு நேரம் நூற்றில் 0.2 பங்குகூட மாறாது. 30 பாகைக்குக்கூட 1.7 பங்குதான் மாறும். விரலின் தாமதமோ ஒரு வினாடியில் சில பத்தில் பங்குக்குள் அடங்கிவிடும்.

இப்போது உண்மையில் என்ன வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவோம். சென்னையில் புவிஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 மீ/வி². அதன்படி 100 செ.மீ. ஊசலின் அலைவு நேரம் 2.01 வினாடி, 80 செ.மீ.க்கு 1.80 வினாடி, 60 செ.மீ.க்கு 1.56 வினாடி. ஆகவே 20 அலைவுகளுக்கு முறையே 40.2, 35.9, 31.1 வினாடி ஆகியிருக்க வேண்டும். பையன் அளந்தது 38.2, 34.1, 29.6. குறைவது எவ்வளவு? 2.0 வினாடி, 1.8 வினாடி, 1.5 வினாடி. சகோதரி, இந்த மூன்று எண்களையும் அலைவு நேரங்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பையனிடம் காட்டுங்கள். ஒவ்வொரு ஊசலிலும் சரியாக ஓர் அலைவின் நேரம் காணாமல் போயிருக்கிறது. அவன் 20 என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் ஊசல் 19 முறைதான் அலைந்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மாணவன் குண்டை இழுத்து விடுகிறான். இரண்டு மூன்று அலைவுகளைப் போக விடுகிறான். குண்டு குறியைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்துகிறான், அதே கணத்தில் வாய் ‘ஒன்று’ என்கிறது. அந்தக் கணத்தில் எந்த அலைவும் முடிந்திருக்கவில்லை, தொடங்கத்தான் செய்திருக்கிறது. அடுத்த முறை அதே திசையில் அதே குறியைக் கடக்கும்போது ‘இரண்டு’ என்கிறான்; உண்மையில் அப்போதுதான் முதல் அலைவு முடிந்திருக்கிறது. இப்படியே ‘இருபது’ என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தும்போது அவன் கையில் இருப்பது 19 அலைவுகளின் நேரம். அவன் எண்ணியது ஊசல் குறியைக் கடந்த தடவைகளை. நமக்கு வேண்டியதோ இரண்டு கடத்தல்களுக்கு இடைப்பட்ட காலங்கள். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நான்கு ரயில் நிலையங்களைச் சொல்லிவிட்டு, நடுவில் எத்தனை ஓட்டம் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஊசலிடம் வரும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

நம் பேச்சுவழக்கிலும் இதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாரம் கழித்து வா என்பதை ‘இன்றைக்கு எட்டாம் நாள் வா’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். தொடங்கும் நாளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவது நம் வீடுகளில் இயல்பான வழக்கம். நாள் கணக்கில் அதில் தவறேதும் இல்லை. அதே பழக்கத்தோடு ஊசலை எண்ணத் தொடங்கினால் ஓர் அலைவு போய்விடுகிறது. ஆகவே கவனக்குறைவு என்று பையனைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

வரைபடம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி. எல்லா அலைவு நேரங்களும் ஒரே விகிதத்தில், அதாவது 19/20 என்ற விகிதத்தில் குறைந்திருக்கின்றன. ஆகையால் அவற்றின் வர்க்கங்களும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்கும், தொடக்கப்புள்ளி வழியாகவே செல்லும், சாய்வு மட்டும் மாறும். மூன்று விடைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதைக் கண்டு ‘எல்லாம் சரி’ என்று நீங்கள் நினைத்தீர்கள். என்னைக் கேட்டால், சேர்ந்தாற்போல மூன்றும் ஒரே அளவு தவறியதுதான் எண்ணிக்கைப் பிழையின் அடையாளம். 20/19 என்பதன் வர்க்கம் 1.108, அதை 9.78 ஆல் பெருக்கினால் 10.84 வருகிறது. பையனின் சராசரி 10.83.

எத்தனை அலைவுகளை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்தப் பிழையின் உருவமும் மாறும். 10 அலைவுகளை இப்படி எண்ணியிருந்தால் 12.07 வந்திருக்கும், உடனே சந்தேகம் தோன்றியிருக்கும். 50 அலைவுகளை எண்ணியிருந்தால் 10.18 வந்திருக்கும்; ‘சோதனையில் ஏற்படும் சிறு பிழை’ என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். பையன் 20 எண்ணியது ஒருவகையில் நல்லதே. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று எண்ணுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அலைவு நேரம் பாதியாகி, ஈர்ப்பு முடுக்கம் நான்கு மடங்காகி, 39 என்று வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்க யாருடைய உதவியும் தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியது. கடிகாரத்தை அழுத்தும்போது ‘சுழி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ‘மூன்று, இரண்டு, ஒன்று, சுழி’ என்று இறங்குமுகமாக எண்ணி வந்தால், விரலும் வாயும் ஊசலின் தாளத்தோடு ஒன்றிவிடும். அழுத்தும் தாமதமும் குறையும்.

எண்ணும் இடம் எது என்பதிலும் கவனம் வேண்டும். ஊசல் திரும்பும் முனையில் எண்ணுவதுதான் எளிது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அங்கே குண்டு ஏறத்தாழ நின்றுவிடுகிறது; எந்தக் கணத்தில் திரும்பியது என்று சொல்ல முடியாது. வீச்சு 5 செ.மீ. உள்ள ஒரு மீட்டர் ஊசலில், முனையை ஒட்டிய கடைசி அரை மி.மீ.க்குள் குண்டு போய்த் திரும்புவதற்கு 0.09 வினாடி ஆகிறது. அதே அரை மி.மீ.யை நடுநிலைப்புள்ளியில் 0.003 வினாடியில் கடந்துவிடுகிறது, ஏனெனில் அங்கேதான் அதன் வேகம் மிக அதிகம். வினாடிக்கு ஏறத்தாழ 15.6 செ.மீ. எனவே குண்டுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இடமிருந்து வலமாக அந்தக் கோட்டைக் கடக்கும் கணங்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். குனிந்து, கண்ணும் நூலும் கோடும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி நின்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, தன் எண்ணிக்கையையே நம்பாமல் சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒரே ஊசலுக்கு 10 வரை எண்ணி ஒரு நேரமும், 20 வரை எண்ணி ஒரு நேரமும் எடுங்கள். இரண்டையும் கழியுங்கள். பையன் ‘ஒன்று’ என்று தொடங்கினாலும் ‘சுழி’ என்று தொடங்கினாலும், கழித்தபின் மிஞ்சுவது 10 அலைவுகளின் நேரம்தான். இரண்டு அளவிலும் ஒரே அளவாக நேரும் விரல் தாமதமும் அதில் கழிந்துவிடும்.

காசிமேடு_மாலைவகுப்பு எழுதியது:

ஐயா, உங்கள் பதிலைப் படித்த அன்று மாலையே பையனை மாடிக்கு அழைத்துப் போய், நான் எதுவும் சொல்லாமல் ‘முன்பு எண்ணியது போலவே எண்ணு’ என்று மட்டும் சொல்லி அருகில் நின்றேன். குண்டு குறியைக் கடந்தது, விரல் அழுத்தியது, அவன் உதடு ‘ஒன்று’ என்றது. இத்தனை நாளும் அவன் பக்கத்திலேயே நின்றிருந்தும் நான் நீளத்தையும் கோணத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவன் உதட்டைப் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னபடி அவனுடைய பழைய முறையிலேயே, 100 செ.மீ. நீளத்தில் 10 வரை எண்ண 18.1 வினாடியும் 20 வரை எண்ண 38.2 வினாடியும் ஆயின. கழித்தால் 20.1 வினாடி, அலைவு நேரம் 2.01 வினாடி, ஈர்ப்பு முடுக்கம் 9.77. அதன்பின் அவனே பழைய பதிவேட்டை எடுத்து, மூன்று நேரங்களையும் 20 ஆல் வகுத்த இடத்தில் 19 ஆல் வகுத்துப் பார்த்தான். 9.77, 9.81, 9.76 என்று வந்தன, சராசரி 9.78. அந்த எண்ணை எழுதிய கையோடு என்னை நிமிர்ந்து பார்த்த அவன் முகம் எனக்கு மறக்காது.

என் இரண்டாவது கேள்விக்கும் யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெரம்பூர்_கணக்கு எழுதியது:

அக்கா, இரண்டாவது கணக்குக்கு நான் முயல்கிறேன். முதுகலை இயற்பியல் படிக்கிறேன். இதே இடத்தில் நானும் தடுமாறியிருப்பதால், எங்கே கால் இடறும் என்று தெரியும்.

எத்தனை அலைவுகள் என்ற கேள்விக்குத் தொடக்கக் கட்டம், அதாவது துகள் அலைவின் எந்த நிலையில் தொடங்குகிறது என்பது, தேவையே இல்லை. கோண அதிர்வெண் 5 பை. அதை 2 பையால் வகுத்தால் அதிர்வெண் வினாடிக்கு 2.5; 6.5 வினாடியில் 2.5 × 6.5 = 16.25 அலைவுகள். துகள் எங்கிருந்து தொடங்கினாலும் இது மாறாது, ஏனெனில் ஓர் அலைவு என்பது புறப்பட்ட இடத்திற்குப் புறப்பட்ட திசையிலேயே திரும்பி வருவது. இடத்திற்கு மட்டும் திரும்பினால் போதாது, திசையும் அதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். பாதியில் எண்ணிவிடுபவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் மறக்கிறார்கள்.

நடுநிலைப்புள்ளியைக் கடக்கும் தடவைகள் என்பது வேறு வகைக் கேள்வி. அதற்குத் தொடக்கக் கட்டம் கட்டாயம் வேண்டும். பாகையில் பார்த்தால் எளிது. 16.25 அலைவுகளில் கட்டம் 16.25 × 360 = 5850 பாகை முன்னேறுகிறது. தொடக்கக் கட்டம் பை/6, அதாவது 30 பாகை. ஆகவே இறுதிக் கட்டம் 5880 பாகை. கட்டம் 180 இன் மடங்காகும் ஒவ்வொரு முறையும் துகள் நடுநிலையில் இருக்கிறது. 30க்கும் 5880க்கும் இடையில் 180 இன் மடங்குகள் எத்தனை? 5880 ஐ 180 ஆல் வகுத்தால் 32.67, ஆகவே 32 முறை. 32 என்று சொன்ன மாணவி சரி.

33 என்று சொன்ன மாணவன் 16.25 ஐ இரண்டால் பெருக்கி 32.5 என்று பெற்று, அதை முழுமையாக்கியிருப்பான் என்று நினைக்கிறேன். அவனிடம் இன்னொரு கணக்கைக் கொடுங்கள். அதே துகள், அதே 6.5 வினாடி, ஆனால் தொடக்கக் கட்டம் 150 பாகை. இப்போதும் துகள் அதே 2 செ.மீ. தொலைவில்தான் தொடங்குகிறது, ஆனால் நடுநிலையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. இறுதிக் கட்டம் 6000 பாகை. 180 ஆல் வகுத்தால் 33.33, ஆகவே 33 முறை கடக்கும். அலைவுகள் இரண்டிலும் 16.25 தான். அலைவு எண்ணிக்கையை இரட்டித்தால் கடத்தல் எண்ணிக்கை கிடைத்துவிடாது என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெளிவாகும். துகள் நடுநிலையிலேயே தொடங்கினால், தொடக்கத்தையும் ஒரு கடத்தலாக எண்ணுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும். அது ராயபுரம் ஐயா சொன்ன ‘ஒன்றா, சுழியா’ என்ற அதே இடம்தான்.

கடந்த மொத்தத் தொலைவைக் கேட்கும் கணக்குகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 16 முழு அலைவுகளில் 16 × 4 × 4 = 256 செ.மீ. என்பது சரி. மிச்சமுள்ள கால் அலைவுக்கு வீச்சு அளவான 4 செ.மீ. என்று போட்டுவிடுவார்கள். நடுநிலையிலோ முனையிலோ தொடங்கியிருந்தால் மட்டுமே அது பொருந்தும். இங்கே துகள் 2 செ.மீ.யில் தொடங்கி 4 வரை ஏறி, 3.46 வரை இறங்குகிறது, தொலைவு 2.54 செ.மீ. மட்டுமே. 150 பாகையில் தொடங்கினால், அதே கால் அலைவில் 2 இலிருந்து நடுநிலையைத் தாண்டி மறுபுறம் 3.46 வரை போய் 5.46 செ.மீ. கடக்கிறது. நேரம் ஒன்றுதான், தொலைவு இரண்டு மடங்குக்கும் மேல். நடுநிலையிலிருந்து வீச்சின் பாதிவரை செல்ல அலைவு நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். மீதிப் பாதிக்கோ ஆறில் ஒரு பங்கு தேவைப்படுகிறது.

தண்டையார்பேட்டை_வாசகன் எழுதியது:

ராயபுரம் ஐயாவுக்கு நன்றி. பிழை எல்லா நீளத்திலும் ஒரே விகிதத்தில் வருகிறதா, ஒரே அளவில் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சந்தேகம். கடைகளில் முன்பு விற்ற ஊசல் கடிகாரம் வினாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று ஒலிக்கும். வினாடி ஊசல் என்ற பெயரும் கேட்டிருக்கிறேன். ஆனால் பாடநூலில் வினாடி ஊசலின் அலைவு நேரம் 2 வினாடி என்று இருக்கிறதே? அதிலும் எண்ணிக்கைப் பிழை ஒளிந்திருக்கிறதா?

ராயபுரம்_ஆய்வகம் எழுதியது:

பிழை இல்லை, எண்ணும் அலகுதான் வேறு. கடிகாரம் செய்தவர்கள் ஊசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதை ஒன்று என எண்ணினார்கள். இயற்பியல் போய்த் திரும்புவதை ஒன்று என எண்ணுகிறது. நாளொன்றுக்கு வினாடி ஊசல் 86,400 முறை ஒலிக்கும், ஆனால் 43,200 அலைவுகளைத்தான் முடிக்கும். சென்னையில் அதன் நீளம் ஏறத்தாழ 99.1 செ.மீ.; லண்டனில் 99.4 செ.மீ. அந்த மூன்று மி.மீ. வேறுபாட்டை அறிய ஒரு காலத்தில் பெரும் உழைப்பு செலவிடப்பட்டது. அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நுங்கம்பாக்கத்தில் 1792 இல் கட்டப்பட்ட வானோக்கு நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் அதில் கல்வெட்டு உண்டு. அந்த நிலையத்தில் வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம், 1821 இல் சென்னைக்கான வினாடி ஊசலின் நீளத்தைச் சோதனை செய்து கண்டார்; முடிவுகள் 1822 இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. அவர் கையாண்ட ஊசல் முறையை வகுத்தவர் ஹென்றி கேட்டர். அவரே இளமையில் தென்னிந்தியாவில் வில்லியம் லாம்ப்டன் தலைமையில் நடந்த நில அளவைப் பணியில் உழைத்தவர்.

அவர்கள் பல்லாயிரம் அலைவுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணவில்லை. கடிகாரத்தின் ஊசலுக்கு முன்னால் சோதனை ஊசலைத் தொங்கவிட்டு, இரண்டும் ஒரே திசையில் ஒன்றாக நடுநிலையைக் கடக்கும் கணத்தை மட்டும் தொலைநோக்கியில் பார்த்துக் குறித்தார்கள். இரண்டின் வேகமும் மிகச் சிறிதளவே வேறுபடுவதால், மெல்ல மெல்ல ஒன்று பின்தங்கி, சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் இரண்டும் ஒன்றாகக் கடக்கும். அடுத்தடுத்த இரண்டு சந்திப்புகளுக்கு இடையில், மெதுவான ஊசல் கடிகாரத்தைவிடச் சரியாக ஓர் அலைவு குறைவாக முடித்திருக்கும். அந்த ‘ஒன்று குறைவு’ என்பதுதான் முறையின் உயிர்.

நம் பையனின் ஒரு மீட்டர் ஊசலையே 2 வினாடி அலைவு நேரம் கொண்ட கடிகாரத்தின் முன் வைத்தால், ஏறத்தாழ 455 வினாடிக்கு ஒருமுறை, அதாவது ஏழரை நிமிடத்திற்கு ஒருமுறை, இரண்டும் சந்திக்கும். அதிலிருந்து அலைவு நேரம் 2.00883 வினாடி என்று கிடைக்கிறது. சந்திப்பு நிகழ்ந்த கணத்தை ஐந்து வினாடி தவறாகக் குறித்து 460 என்று எழுதினாலும் விடை 2.00873 தான், பிழை பத்தாயிரத்தில் ஒரு வினாடி. விரலால் கடிகாரத்தை அழுத்தும் எந்த மனிதனாலும் இந்த நுட்பத்தை எட்ட முடியாது. அடுத்த முறை மாடியில் 100 செ.மீ., 121 செ.மீ. நீளத்தில் இரண்டு ஊசல்களை அருகருகே கட்டி ஒரே நேரத்தில் விடச் சொல்லுங்கள், சகோதரி. குட்டையானது 11 முறையும் நெட்டையானது 10 முறையும் அலைந்தபின் இரண்டும் சேர்ந்து திரும்பும்; இருபத்திரண்டு வினாடிதான் ஆகும். பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

காசிமேடு_மாலைவகுப்பு எழுதியது:

நிச்சயம் செய்கிறோம், ஐயா. இரும்புக் குழாயில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஈயக்குண்டுதான் இன்னொன்று வாங்க வேண்டும். 32, 33 குழப்பமும் பெரம்பூர் தம்பியின் விளக்கத்தால் தீர்ந்தது. 33 என்று சொன்னவன் 150 பாகைக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பதிவேட்டில் உள்ள பழைய அட்டவணையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று பையன் கேட்கிறான். புதிய அளவீடுகளும் அவனிடம் இருக்கின்றன.

ராயபுரம்_ஆய்வகம் எழுதியது:

அடிக்க வேண்டாம். 38.2, 34.1, 29.6 என்ற மூன்று நேரங்களும் அவன் உண்மையாக அளந்தவை. அவற்றில் எந்தத் தவறும் இல்லை. தவறியது ‘20’ என்ற ஒரே ஓர் எண்தான். அட்டவணையில் அந்த எண்ணின் மேல் படிக்கும்படியாக ஒரு கோடு மட்டும் இழுத்து, அருகில் 19 என்று எழுதி, ‘தொடக்கக் கணத்தை ஒன்று என எண்ணியதால் ஏற்பட்ட பிழை, 10, 20 அளவீடுகளின் வேறுபாட்டால் சரிபார்க்கப்பட்டது’ என்று கீழே குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அதற்கடுத்த பக்கத்தில் 18.1, 38.2, வேறுபாடு 20.1 என்ற புதிய அளவீட்டையும் தேதியோடு சேர்க்கட்டும். ஆசிரியரிடம் காட்டும்போது அந்தக் குறிப்பை அவனே வாயால் படித்துச் சொல்லட்டும்.